கையெழுத்து யாருடையது? பத்தாவியாவின் கொர்னேலியா வழக்கு, 1676–1691

1676-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட, ஜாவாத் தீவின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஒரு மறுமணம் நடந்தது. மணமகள் கொர்னேலியா வான் நியென்ரோடே நாற்பதைக் கடந்த கைம்பெண், ஊரறிந்த செல்வந்தர். மணமகன் யோஹான் பிட்டர் அவரைவிட இளையவர், சட்டம் படித்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உள்ளவர். முந்தைய ஆண்டுதான் நெதர்லாந்திலிருந்து வந்து பத்தாவியாவின் நீதிமன்ற உறுப்பினராகப் பதவி ஏற்றிருந்தார். கல்யாணமான வேகத்திலேயே இருவரும் பகையாளிகள் ஆனார்கள். சண்டை தேவாலயச் சபைக்குப் போனது, நீதிமன்றத்துக்குப் போனது, கவர்னர் ஜெனரலின் அவைக்குப் போனது. கடைசியில் கடல் கடந்து ஹாலந்து மாகாண நீதிமன்றத்துக்குப் போய் 1691-இல் தீர்ப்பானது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது குடும்பச் சண்டை. நான் இதை வணிக வரலாற்றின் வழக்காகவே படிக்கிறேன். தென்கிழக்காசியத் தீவுகளில் பெண்கள் வணிகம் செய்தார்களா என்று கேட்டால் விடை எளிது: செய்தார்கள், அதுவும் வெளிப்படையாக. கடினமான கேள்வி வேறு. அப்படி ஈட்டிய பணத்தின் மேல், கடன் பத்திரத்தின் மேல், வீட்டின் மேல் யாருடைய கையெழுத்து செல்லும்? கொர்னேலியாவின் வழக்கு பதினைந்து ஆண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

டச்சுக்காரர் வருவதற்கு முன் இருந்த சந்தை

1596-இல் முதல் டச்சுக் கப்பல்கள் ஜாவாவின் மேற்கு முனையில் இருந்த பந்தன் துறைமுகத்தில் நங்கூரமிட்டன. அந்தப் பயணத்தைப் பற்றிய நூலில் பந்தன் சந்தையின் படம் ஒன்று இருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மிளகும் வெற்றிலையும் விற்கிறார்கள். ஐரோப்பா எந்த மிளகுக்காக உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்ததோ, அந்த மிளகைச் சந்தையில் அளந்து கொடுத்தவை பெண்களின் கைகள்.

இது பந்தனில் மட்டும் கண்ட காட்சி அல்ல. கிழக்கு ஜாவாவின் கிரெசிக் துறைமுகத்தில் 15-ஆம் நூற்றாண்டில் நியாய் கெடே பினாத்தி என்ற பெண்மணி கப்பல் வணிகத்தை நடத்தினார் என்றும், துறைமுக அதிகாரியான ஷாபந்தர் பொறுப்பையும் வகித்தார் என்றும் அந்த ஊர் மரபு சொல்கிறது. அவருடைய கல்லறை இன்றும் கிரெசிக்கில் மதிப்போடு பேணப்படுகிறது. 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், 1817-இல் வெளியிட்ட ஜாவா வரலாற்றிலும் இதே செய்தியை எழுதுகிறார்: கணவன் பணக் காரியங்களை முழுவதும் மனைவியிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம், சந்தைக்குப் போய் வாங்குவதும் விற்பதும் பெண்கள்தான். பந்தன் படத்துக்கும் ராஃபிள்ஸ் நூலுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும் சந்தை மாறவில்லை.

சொத்து முறையும் இதற்கு ஏற்றதாக இருந்தது. ஜாவாவின் வழக்காற்றில் பெண் கொண்டுவந்த சொத்து அவளுக்கே உரியது. தாம்பத்தியத்தில் இருவரும் சேர்ந்து தேடியதில் மணமுறிவின்போது அவளுக்கும் பங்கு உண்டு. பல இடங்களில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்று. சமபங்கு அல்லதான். ஆனாலும் தன் மூலதனத்தைத் தானே புரட்டும் உரிமை அவளிடம் இருந்தது. வெளிநாட்டு வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததில் பெரிய காரணமே இதுதான். மொழி, விலை, கடன் நம்பகம், சரக்கு கிடைக்கும் இடம் எல்லாம் மனைவிக்குத் தெரிந்திருந்தன.

பத்தாவியாவில் பணம் ஓடிய வழி

1619-இல் ஜயகர்த்தாவை அழித்து அந்த இடத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பத்தாவியாவைக் கட்டியது. கம்பெனியின் மூன்று விதிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் கொர்னேலியாவின் கதை விளங்கும்.

முதலாவது, கம்பெனி ஊழியர்கள் சொந்த வணிகம் செய்யக்கூடாது. சம்பளமோ குறைவு. ஆகவே சொந்த வணிகம் நடந்தது, ஊழியரின் பெயரில் நடக்கவில்லை. மனைவி, மாமியார், மைத்துனி என்று பெயர்கள் மாறின. இரண்டாவது, 1630-களுக்குப் பிறகு நெதர்லாந்திலிருந்து பெண்களைக் குடியேற்ற அனுப்புவதைக் கம்பெனி கைவிட்டது. ஊழியர்கள் ஆசியாவில் பிறந்த பெண்களை மணந்தார்கள். மூன்றாவது, அப்படி மணந்தவர்கள் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குத் திரும்புவதற்குக் கடுமையான தடைகள் இருந்தன.

பத்தாவியாவின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆண்கள் விரைவில் பலியானார்கள். ஈட்டிய பணம் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. கைம்பெண்ணின் கையில் நின்றது. அவர் வட்டிக்குக் கொடுத்தார், வீடுகளை வாடகைக்கு விட்டார், நகருக்கு வெளியே தோட்டங்கள் வாங்கினார், சரக்கில் பங்கு வைத்தார். புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பிய ஆணுக்கு முதல் வேண்டுமானால், அது வசதியுள்ள ஒரு கைம்பெண்ணிடம் இருந்தது. ஆண்கள் வந்தார்கள், செத்தார்கள், அடுத்தவர்கள் வந்தார்கள். முதல் மட்டும் பெண்கள் வழியாக நகர்ந்துகொண்டே இருந்தது. தன் கணக்குப் புத்தகத்தில் பெண்களுக்கு இடமே கொடுக்காத கம்பெனி, தன் விதிகளாலேயே அவர்களை நகரின் முதலாளிகள் ஆக்கியது.

அந்த நாளைய பத்தாவியாவில் இன்னொரு சான்றும் உண்டு. சீனர்களின் தலைவரான காப்பித்தான் பொறுப்பில் இருந்த கான் சிக்குவா 1666-இல் இறந்தபோது, பாலித் தீவைச் சேர்ந்த அவருடைய மனைவி அந்தப் பொறுப்பை ஏற்று 1678 வரை நடத்தினார். சீன வணிகர் சமூகத்தின் வழக்குகளையும் விவகாரங்களையும் பாலிப் பெண் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். கொர்னேலியா கைம்பெண்ணாக வணிகம் செய்த ஆண்டுகளும் இவற்றுக்குள்தான் அடங்கும்.

ஹிராடோவில் பிறந்தவர்

கொர்னேலியா 1629 அளவில் ஜப்பானின் ஹிராடோ தீவில் பிறந்தார். தந்தை கொர்னேலிஸ் வான் நியென்ரோடே 1623 முதல் அங்கிருந்த கம்பெனி வணிகக் கிடங்கின் தலைவர். தாய் சுரிஷியா என்ற ஜப்பானியப் பெண். 1633-இல் தந்தை இறந்தார். கொர்னேலியாவும், வேறொரு தாய்க்குப் பிறந்த அக்கா ஹெஸ்டரும் 1637-இல் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஜப்பான் அரசு டச்சுக் கலப்புக் குழந்தைகளையும் தாய்மார்களையும் நாட்டைவிட்டே வெளியேற்றியது. அப்படிப் போனவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை ஜப்பானியர் ஜகதாராக் கடிதங்கள், அதாவது ஜகார்த்தாக் கடிதங்கள், என்று இன்றும் போற்றுகிறார்கள். 1663-இலும் 1671-இலும் கொர்னேலியா குடும்பத்தார் தாய்க்கு ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிய கடிதங்கள் அவற்றுள் அடங்கும். நலம் விசாரிப்போடு அனுப்பிய பொருள்களின் பட்டியலும் கூடவே போனது. தாயை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

1652-இல் அவர் பீட்டர் க்னோல் என்ற கம்பெனி வணிகரை மணந்தார். க்னோல் படிப்படியாக உயர்ந்து பத்தாவியாக் கோட்டையின் தலைமை வணிகர்களில் ஒருவர் ஆனார். அதிகாரபூர்வமான சம்பளத்தால் மட்டும் வந்த செல்வம் அல்ல அது.

அந்தச் செல்வத்தை நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. 1665-இல் யாக்கோப் கூமன் என்ற ஓவியர் இந்தக் குடும்பத்தைத் தீட்டிய படம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. க்னோலும் கொர்னேலியாவும் கறுப்பு உடையில் நேராக நிற்கிறார்கள். ஜப்பானியச் சாயலுள்ள அந்த முகத்தில் சிரிப்பு இல்லை, தயக்கமும் இல்லை. கத்தரீனா, ஹெஸ்டர் என்ற இரு மகள்கள் பட்டும் முத்துமாக நிற்கிறார்கள். ஒருத்தி கையில் விலையுயர்ந்த வெற்றிலைப் பெட்டி. டச்சு உடைக்குள் ஆசியக் குடும்பம் ஒன்று இருக்கிறது என்பதற்கு இந்தப் பெட்டி ஒன்றே போதும். இவர்களுக்குப் பின்னால், நிழலில், இரண்டு அடிமைகள். ஆண் அடிமைதான் பின்னாளில் கம்பெனியை எதிர்த்துக் கலகம் செய்த உந்துங் சுராபதி என்று சிலர் கருதுகிறார்கள். 1686-இல் ஜாவாவின் கர்த்தசுராவில் கம்பெனியின் தளபதி பிரான்சுவா தாக் கொல்லப்பட்டதும், சுராபதி பசுருவானில் தனி அரசு நடத்தி 1706-இல் இறந்ததும் உறுதியான வரலாறு.

1672-இல் க்னோல் இறந்தார். பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோரையும் கொர்னேலியா பறிகொடுத்திருந்தார். ஆனால் சட்டத்தின் முன் அவர் அன்றுதான் முழு மனிதர் ஆனார். கைம்பெண் என்ற நிலையில் தம் பெயரில் ஒப்பந்தம் செய்யவும், கடன் கொடுக்கவும் வசூலிக்கவும், வழக்குப் போடவும் அவரால் முடிந்தது. இருபது ஆண்டுகள் கணவருடைய நிழலில் கற்ற தொழிலை நான்கு ஆண்டுகள் சொந்தப் பெயரில் நடத்தினார்.

ஒப்பந்தமும் அதன் ஓட்டையும்

அப்படியானால் ஏன் மறுமணம்? ஆவணங்கள் நேராக விடை தருவதில்லை. பத்தாவியாவில் பெண்ணின் தகுதி கணவனின் பதவியைப் பொறுத்தே இருந்தது, தேவாலயத்தில் உட்காரும் இடம் உட்பட. நீதிமன்ற உறுப்பினரின் மனைவி என்ற தகுதியைக் கொர்னேலியாவும், அவருடைய மூலதனத்தைப் பிட்டரும் விரும்பினார்கள் என்பதே என் ஊகம்.

கொர்னேலியா எச்சரிக்கையோடுதான் இறங்கினார். திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதப்பட்டது. டச்சுச் சட்டப்படி ஒப்பந்தம் இல்லாவிட்டால் இருவர் சொத்தும் கலந்து ஒன்றாகிவிடும். அதைத் தடுத்து, அவருடைய சொத்து அவருடையதாகவே இருக்கும் என்று ஒப்பந்தம் சொன்னது.

சிக்கல் அங்கே இல்லை. ரோமன் டச்சுச் சட்டத்தில் சொத்துக் கலப்பு ஒன்று, கணவனின் அதிகாரம் இன்னொன்று. மணமான பெண் அந்தச் சட்டத்தில் மைனருக்குச் சமம். கணவன் அவளுக்குக் காப்பாளன். அவன் துணையின்றி அவள் நீதிமன்றம் ஏற முடியாது, ஒப்பந்தம் செய்ய முடியாது. கணவன் சம்மதத்தோடு வெளிப்படையாகக் கடை நடத்தும் பெண்ணுக்கு மட்டும், அந்த வியாபாரத்தின் அளவில், விதிவிலக்கு உண்டு. சொத்துக் கலப்பைத் தடுத்தால் உரிமை மனைவியிடம் தங்கும். நிர்வாகமும் அவளிடம் தங்க வேண்டுமானால் அதைத் தனியாக, ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். சட்டம் படித்த பிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். தாம் கணவர் என்ற முறையில் நிர்வாகம் தமக்கே உரியது என்று அவர் உரிமை கோரினார்.

பெட்டி யாருடையது என்பதில் தகராறு இல்லை; சாவி யாருடையது என்பதில்தான் தகராறு. கடன் பாக்கிகளை வசூலிக்கவும், வரும் வட்டியை எடுக்கவும், உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு எழுதிப் பணத்தை நெதர்லாந்துக்கு அனுப்பவும் கணவருக்கு அதிகாரம் உண்டென்றால், சொத்து மனைவியின் பெயரில் இருப்பதால் என்ன பயன்? தம் பணத்தைக் கணவர் நெதர்லாந்துக்கு அனுப்பப் பார்க்கிறார் என்று கொர்னேலியா குற்றம் சாட்டினார். அடித்தார் என்றும் புகார் சொன்னார். பிட்டரோ, மனைவி கணவனுக்கு அடங்காதவள் என்று வாதாடினார்.

தேவாலயச் சபை இருவரையும் கூட்டி வைத்துச் சமாதானம் பேசிப் பார்த்தது. அன்றைய புராட்டஸ்டன்ட் சட்டத்தில் மணமுறிவு பெறுவது அரிது. பிறனிணைவோ கைவிட்டு ஓடியதோ நிரூபணமானால்தான் கிடைக்கும். கொடுமைக்குப் பிரிந்து வாழும் அனுமதியும் சொத்துப் பாதுகாப்பும் கேட்கலாம். அதைக் கேட்க வேண்டிய நீதிமன்றத்திலோ எதிராளியே உறுப்பினர். கொர்னேலியாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். தம் பணத்தைத் தாமே காக்க நீதிமன்றம் போக வேண்டும்; போவதற்குக் கணவர் துணை வேண்டும்; கணவர்தான் எதிராளி; எதிராளியின் சகாக்கள்தான் நீதிபதிகள். அதையும் மீறி அவர் விடாமல் போராடினார். அவருக்குப் பக்கபலமாக நின்றது உறவும் பழக்கமும்தான். 1684-இல் கவர்னர் ஜெனரல் ஆன யோஹானஸ் கம்புய்ஸ் ஜப்பானில் கம்பெனித் தலைவராக இருந்தவர், கொர்னேலியாவுக்கு அறிமுகமானவர்.

பிட்டர் வைரத்தில் மாட்டிக்கொண்டார். வைரம் சிறிய பொருள், மறைப்பது எளிது. கம்பெனிக்குத் தெரியாமல் தனியார் செல்வம் ஐரோப்பா போய்ச்சேர அதைவிடச் சிறந்த வழி இல்லை. அப்படி வைரங்களை அனுப்ப முயன்றது அம்பலமாகி 1680-இல் அவர் நெதர்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிட்டர் கம்பெனியின் இயக்குநர்களிடம் வாதாடித் தம் பெயரை மீட்டார்; சில ஆண்டுகளில் பத்தாவியாவுக்கே, அதே நீதிமன்றப் பதவிக்கே திரும்பி வந்தார். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. 1687-இல் இருவரும் ஹாலந்துக்குக் கப்பலேறினார்கள். ஏறக்குறைய அறுபது வயதில், பார்த்தே இராத குளிர் நாட்டுக்கு, தம் சொத்தைக் காக்க ஒரு பெண் அரைப் பூமியைக் கடந்து போனார்.

1691-இல் தீர்ப்பு வந்தது. கொர்னேலியா கணவரோடு சேர்ந்து வாழ வேண்டும். அவருடைய சொத்திலிருந்து வரும் வருமானத்தில் பாதி பிட்டருக்கு. அதன்பின் கொர்னேலியா நெடுநாள் வாழவில்லை; தீர்ப்பு நடைமுறைக்கு வருமுன்பே இறந்திருக்கக்கூடும்.

வழக்கு காட்டுவது என்ன

ஒரே பெண், ஒரே ஊர், ஒரே திறமை, மூன்று நிலைகள். க்னோலின் மனைவியாக இருந்த இருபது ஆண்டுகளில் அவர் செய்த வணிகம் கண்ணுக்கே தெரியவில்லை. கைம்பெண்ணாக இருந்த நான்கு ஆண்டுகளில் முழு வணிகர். பிட்டரின் மனைவியானதும் மைனர். மாறியது அவருடைய ஆற்றல் அல்ல, சந்தையின் வழக்கமும் அல்ல; அவருடைய திருமண நிலை மட்டுமே. பந்தன் சந்தையில் மிளகு விற்ற பெண்ணுக்கு இந்தத் தடை இல்லை. டச்சுச் சட்டத்தின் கீழ் மணந்த கிறிஸ்தவப் பெண்ணுக்கு, அவர் எவ்வளவு பெரிய செல்வந்தர் ஆனாலும், இருந்தது. ஐரோப்பியச் சட்டம் ஆசியப் பெண்களை உயர்த்தியது என்று இன்றும் பேசுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. கொர்னேலியா அடிமைகளை வைத்திருந்தவர். பத்தாவியாவின் தெருவில் பலகாரமும் துணியும் கூவி விற்றவர்களில் பலர் அடிமைப் பெண்கள். காலையில் வீட்டுக்காரி சரக்கைக் கொடுத்தனுப்புவார். மாலையில் பணத்தோடு திரும்ப வேண்டும். அதுவும் பெண்கள் செய்த வணிகம்தான், உழைத்தவளுக்கு உடைமை இல்லாத வணிகம். அவர்களில் சிலர் நம் கரையிலிருந்து போனவர்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கம்பெனிக் கப்பல்கள் அடிமைகளை ஏற்றிச் சென்றன. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது ஆயிரக்கணக்கானோர் விற்கப்பட்டார்கள். பெரும்பகுதியினர் இலங்கைக்கும், ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். பத்தாவியா ஓவியத்தில் வெற்றிலைப் பெட்டி தெரிகிறது. வீட்டில் அந்த வெற்றிலையை மடித்துக் கொடுத்த பெண்களின் பெயர்கள் தெரியவில்லை. பெண்கள் வணிகத்தைப் பற்றி எழுதும்போது முதலாளிப் பெண்ணோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

கொர்னேலியா இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இதே கம்பெனி இன்னொரு தீவில் பெண்களின் சொத்தை எழுத்தில் வைத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (மாவட்ட நிர்வாக அதிகாரி) தொகுத்தார். உள்ளூர்த் தலைமை அதிகாரிகளான பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள். 1707-இல் அது சட்டமானது. அதில் சீதனம் பெண்ணுடையது. தாயிடமிருந்து மகளுக்கு வருவது. முன்னோர் வழி வந்த முதுசத்துக்கும், மணவாழ்வில் சேர்த்த தேடிய தேட்டத்துக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஜாவாவின் வழக்காற்றைப் போலவே இதிலும் பெண்ணின் உடைமை உறுதியாக நிற்கிறது. ஆனால் கணவனோடு வாழும் மனைவி அவன் சம்மதமின்றி எதையும் கொடையாகக் கொடுக்க முடியாது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஊர் வழக்கம் எவ்வளவு, எழுதச் சொன்ன டச்சு அதிகாரிகளின் எண்ணம் எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். 1923-இல் இலங்கையின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களைக் கணவனின் அதிகாரத்திலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணை அது தொடவில்லை. அவளுக்கு 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டமே பொருந்தியது: தன் பெயரில் உள்ள நிலத்தை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.